பச்சையாய் நின்ற ஒரு வயல்

போன டிசம்பரில், நான் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில் ஆண்டு நிறைவுக் கூட்டம் நடந்தது. இப்போது அங்கிருக்கும் இளைஞர்கள் போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியிலுள்ள என் வீட்டுக்கே வண்டி அனுப்பி என்னை அழைத்துப் போனார்கள். பெரிய திரையில் ஒவ்வொருவரின் படமும் வந்தது. கீழே அவர் அந்த ஆண்டு செய்த வேலை. கைதட்டல் ஓய்வதற்குள் அடுத்த படம். கடைசியில் ஒரு பெண் மைக்கோடு என்னிடம் வந்து, உங்கள் காலத்தில் உங்கள் குழு சாதித்ததில் எது பெரியது என்று கேட்டாள்.

உப்பைத் தாங்கி நிற்கும் ஒரு நெல்லைக் கண்டுபிடித்தோம் என்றேன். கைதட்டினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த நெல்லோடு சேர்ந்து நடந்த மற்றதை, சமோசா ஆறிக்கொண்டிருக்கிற நேரத்தில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது சிவகங்கைப் பக்கம். நடக்கப் பழகியது போர்ட் பிளேரில். சுதந்திரம் வந்த கொஞ்ச காலத்தில் அப்பாவுக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பள்ளியில் இந்தி, வீட்டில் தமிழ், தெருவில் இரண்டும் கலந்த ஏதோ ஒன்று. கல்லூரிக்கு மெயின்லேண்ட் போக வேண்டியிருந்தது. மதுரையில் விடுதியில் தங்கி வேதியியல் படித்தேன். விடுமுறைக்கு வரப் போக, கப்பலில் வாந்தி எடுத்தே வயிறு காய்ந்தது. படிப்பு முடிந்து திரும்பியபோது, நெல்லுக்கும் தென்னைக்குமாக ஒரு சிறிய ஆராய்ச்சி நிலையம் நடந்துகொண்டிருந்தது. அதில் மண் பரிசோதனைக்கு ஓர் உதவியாளர் வேண்டுமென்றார்கள். அறுபதுகளின் பிற்பகுதியில் சேர்ந்தேன். அந்த அலுவலகத்தில் முதல் பெண் நான்தான்.

நிலையம் என்றால் ஒரு தகரக் கூரைக் கட்டிடம், ஒரு கருவிக் கொட்டகை, பின்னால் சரிவாக இறங்கும் வயல். நெல் வேலையைப் பார்த்தவர்கள் நாங்கள் நாலு பேர். தலைவர் டாக்டர் சபேசன், தஞ்சாவூர்க்காரர். விளைச்சல் கணக்குப் பார்க்கக் குரியன், கோட்டயத்துக்காரர். வயல் வேலைக்குக் காதர் அண்ணன். காதர் அண்ணனின் அத்தா அபர்தீன் பஜாரில் துணிக்கடை வைத்திருந்தார். மகன் கடையில் உட்கார மாட்டேன் என்று மண்வெட்டி பிடிக்கப் போனதில் அவருக்கு மாறாத வருத்தம். காதர் அண்ணனுக்கு இந்தி, வங்காளம், தெலுங்கு எல்லாம் வரும். எதில் பேசினாலும் நடுவில் கீழக்கரைத் தமிழ் எட்டிப் பார்க்கும்.

டாக்டர் யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. ஒரு முடிவைக் கொண்டுபோய்க் கொடுத்தால், நின்றபடியே படிப்பார். நல்லாயிருக்கு என்பார். அடுத்து, இன்னொருத்தர் பார்த்தாங்களா என்று கேட்பார். பார்க்கவில்லை என்றால் தாள் நம் கைக்கே திரும்பி வரும். அதில் கோபம் இருக்காது.

மண்ணைப் பரிசோதிப்பதிலும் அப்படித்தான். வயலில் எடுத்த மண்ணைத் துணிப்பையில் கட்டிக் கொண்டுவருவோம். வெயிலில் காய வைக்கக் கூடாது, நிழலில் பரப்ப வேண்டும். இந்த ஊர் மழையில் அது காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் ஆளுக்கொரு முறை கிளறிவிட்டுப் போவோம். காய்ந்ததும் மரச் சுத்தியால் கட்டிகளை உடைத்து, சல்லடையில் சலித்து, தண்ணீர் சேர்த்துக் குலுக்கி, வடிகட்டி, உப்பு மீட்டரில் வைத்துப் பார்ப்பேன். பார்த்ததை யாரிடமும் சொல்லக் கூடாது. அதே மண்ணைக் குரியனும் தனியாகச் செய்து பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் டாக்டர் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வார். முதலில் என் மேல் நம்பிக்கை இல்லாமல்தான் இப்படிச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுதிருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, தான் பார்த்ததையும் அவர் இன்னொருவரைப் பார்க்கச் சொல்வார் என்று.

டிசம்பரின் கடைசி வேலை நாளில் கருவிக் கொட்டகையில் கூடி உட்காருவோம். அது டாக்டர் கொண்டுவந்த பழக்கம். அன்று யாரும் தன் வேலையைப் பற்றிச் சொல்லக் கூடாது. பக்கத்திலிருப்பவர் அந்த ஆண்டு என்ன செய்தார் என்பதை மற்றவர்தான் சொல்ல வேண்டும். யார் யாரைப் பற்றி என்பது வருடா வருடம் மாறும். நல்லதைச் சொல்லி முடித்ததும், எங்கே தவறியது என்பதையும் சொல்ல வேண்டும். அப்புறம் டீயும் வாழைக்காய் பஜ்ஜியும்.

என் முதல் ஆண்டில் காதர் அண்ணன் என்னைப் பற்றிப் பேசினார். இந்தத் தங்கச்சி மண்ணைக் கழுவுகிற மாதிரி நான் என் முகத்தைக் கழுவியிருந்தால் எனக்கு எப்போதோ கல்யாணம் ஆகியிருக்கும் என்றார். குரியன் சிரித்து டீயைக் கொட்டிக்கொண்டார். பிறகு காதர் அண்ணன் முகத்தை மாற்றிக்கொண்டு, நான் எந்த வாரம் எந்த வயலின் மண்ணைப் பார்த்தேன், அதனால் எந்தக் குடும்பம் எந்தத் துண்டில் நாற்று நடாமல் விட்டுப் பிழைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். என் வேலை யார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அன்றுதான் நான் தெரிந்துகொண்டேன். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நல்ல பரிசு அதுதான்.

இப்போது திக்லிபூருக்கு வருகிறேன்.

கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு வட அந்தமானில் திக்லிபூர் பக்கம் நிலம் கொடுத்திருந்தார்கள். காட்டை வெட்டி, வீடு கட்டி, வயல் திருத்தி வாழ்ந்தார்கள். உள்ளே இருந்த நிலங்கள் நன்றாக விளைந்தன. கடற்கழியை ஒட்டிய நிலங்களில்தான் தொல்லை. அலையாத்தி மரங்களை வெட்டிக் கரை போட்டு எடுத்த நிலம் அது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கழி பொங்கும். கரை கசியும். பர்மாவிலிருந்து எப்போதோ வந்த உயரமான நெல்லைத்தான் எல்லோரும் போட்டார்கள். நல்ல தண்ணீரில் அது ஆள் உயரம் வளரும். உப்புப் பட்டால் நுனி கருகி, ஒரு வாரத்தில் வைக்கோலாகிவிடும்.

கழியை ஒட்டிக் கடைசி நிலம் நிதாய் மண்டலுடையது. நாற்பது வயதிருக்கும். குட்டையான, கெட்டியான மனிதர். அதிகம் பேச மாட்டார். அவர் மனைவி சந்தியா, இரண்டு பெண் குழந்தைகள், வயதான தகப்பனார். சோதனைக்கு நிலம் கேட்டுக் காதர் அண்ணன் பலரிடம் போனார். எல்லோரும் யோசித்தார்கள். நிதாய்தான் வீட்டுக்கு அருகில் இருந்த ஒரு துண்டைக் கொடுத்தார். நாங்கள் நிதாய் தா, வங்காளத்தில் நிதாய் அண்ணன், என்று கூப்பிடுவோம். அவர் டாக்டரை சாப், காதர் அண்ணனைக் காதர் பாய், என்னை தீதி, அதாவது அக்கா, என்பார்.

அந்தத் துண்டில் பல ரகங்களைச் சிறு சிறு பாத்தியாக நட்டோம். முதல் ஆண்டிலேயே பெரும்பாலானவை போய்விட்டன. ஒரே ஒரு ரகம் மட்டும் குட்டையாக, முரட்டு இலையோடு, கழித் தண்ணீர் வந்து போன பிறகும் நின்றது. எங்களிடம் அதற்கு ஓர் எண்தான் இருந்தது. காதர் அண்ணன் அதற்கு ஜித்தி என்று பெயர் வைத்தார். இந்தியில் பிடிவாதக்காரி என்று அர்த்தம். இரண்டாம் ஆண்டு ஜித்தியை மட்டும் கொஞ்சம் பெரிதாக நட்டோம். மறுபடியும் நின்றது. அந்த ஆண்டு அறுப்புக்கு நானும் கப்பலேறி ஏரியல் பே போய், அங்கிருந்து லாரியில் திக்லிபூர் போனேன். பெண் பிள்ளை தனியாக அவ்வளவு தூரமா என்று அப்பா தயங்கினார். காதர் அண்ணன் வந்து பேசியதில் சம்மதித்தார்.

சோதனை நெல்லை அறுக்கும்போது ஒரு மணிகூட வெளியே போகக் கூடாது என்பது விதி. சோதித்து முடிக்காத விதை ஊருக்குள் பரவிவிடக் கூடாது. காதர் அண்ணன் நிதாயிடம் இதை முன்பே சொல்லி, வாக்கு வாங்கியிருந்தார். கதிரடித்து, தூற்றி, மூட்டை கட்டிய பிறகு சந்தியா ஒரு முறத்தோடு வந்தாள். அதில் ஒரு பிடி நெல் இருந்தது, சேறு ஒட்டியபடி. அறுத்த வயலில் உதிர்ந்து கிடந்ததைக் குழந்தைகளோடு சேர்ந்து பொறுக்கிக் கழுவிக் கொண்டுவந்திருந்தாள். எங்கள் மூட்டையில் அதைக் கொட்டிவிட்டு, முறத்தைத் தட்டிக் காட்டினாள்.

அப்போதுதான் நிதாய் கேட்டார். அவர் பேசியது வங்காளம் கலந்த தீவு இந்தி. வருகிற மழைக்கு இந்த விதையில் கொஞ்சம் கொடுத்தால் கழியோரம் முழுக்கப் போடுவேன் என்றார். கரை இன்னொரு வருடம் தாங்காது என்று அவருக்குப் பயம். தர முடியும் என்று காதர் அண்ணன் சொல்லவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஆனால் கேட்கும் முன்பே அவர் மனதில் கொடுத்தாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

அந்த டிசம்பர் கூட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. ஜித்தியால் எல்லோருக்கும் சந்தோஷம். குரியன் டாக்டரைப் புகழ்ந்தார், டாக்டர் என்னைப் புகழ்ந்தார். டீ வருவதற்கு முன் காதர் அண்ணன் எழுந்து, நிதாய்க்கு விதை கொடுக்க வேண்டும் என்றார்.

இன்னும் ஒரு பருவம் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். உப்பைத் தாங்குகிறது, சரி. குலைநோய் வந்தால் தாங்குமா என்று நமக்குத் தெரியாது. நாம் பார்த்த இரண்டு வருடமும் நோயில்லாத வருடங்கள்.

"டாக்டர் சாப், எல்லாருக்கும் கேட்கல. நிதாய் தா ஒருத்தருக்கு மட்டும். அவர் நிலம், அவர் தண்ணி, அவர் காவல். நம்ம விதையை ஒரு மணி விடாம திருப்பிக் கொடுத்த ஆளு."

"ஒருத்தருக்குக் கொடுத்தா அடுத்த வருஷம் ஊர் முழுக்க அதுதான் இருக்கும், காதர். பழைய நெல்லை ஒருத்தரும் வெச்சிருக்க மாட்டாங்க. அப்புறம் நோய் வந்தா விதைக்குக்கூட எதுவும் மிஞ்சாது."

டாக்டர் என்னைப் பார்த்து, மண் என்ன சொல்கிறது என்று கேட்டார். கழியோர நிலத்தில் ஒவ்வொரு வருடமும் உப்பு ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, கரை உடைந்தால் பழைய நெல் பிழைக்காது என்றேன். என் கருத்தையும் கேட்டார். நிதாய்க்கு மட்டும் கொஞ்சம் கொடுக்கலாம் என்றேன். குரியன் டாக்டர் பக்கம் நின்றார். இரண்டு வருடக் கணக்கை வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

டாக்டர் அதுவரை எங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கீழத்தஞ்சையில், நன்றாக விளைந்த ஒரு ரகத்தைச் சோதனை முடியும் முன் அவர் ஊருக்குக் கொடுத்துவிட்டார். ஊர் கேட்டது, அவரும் இளைஞர், கொடுத்தார். மறு வருடம் குலைநோய் வந்து கதிர் எல்லாம் பதரானது.

"ஒரு குடியானவர் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னார். திட்டலை, எதுவும் கேக்கலை. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டார். அதை நான் இன்னொரு தடவை பார்க்க மாட்டேன்."

விதை கொடுப்பதில்லை என்று முடிவானது. ஒரு வருடம்தானே என்றுதான் நானும் நினைத்தேன். காதர் அண்ணன் திக்லிபூர் போய் நிதாயிடம் சொன்னார். நிதாய், சரி, அடுத்த வருடம் என்று சொன்னாராம். கோபித்துக்கொள்ளவே இல்லையாம். அதுதான் தாங்க முடியவில்லை என்றார் காதர் அண்ணன்.

மறு வருடம் மழை நன்றாகத் தொடங்கியது. எல்லோரும் பழைய நெல்லை நட்டார்கள். நிதாயின் சோதனைத் துண்டில் ஜித்தி. கதிர் வரும் சமயத்தில் புயல் வந்தது. பௌர்ணமிக்குக் கழி பொங்குவதும் அதோடு சேர்ந்துகொண்டது. கரை ஓரிடத்தில் இல்லை, பல இடங்களில் உடைந்தது. கடல் தண்ணீர் வயலுக்குள் வந்து வடியாமல் நின்றது.

செய்தி வந்து, கப்பல் கிடைத்து, நானும் காதர் அண்ணனும் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வடிந்திருந்தது. டாக்டரும் வந்திருந்தார். லாரியிலிருந்து இறங்கி வரப்பில் நடந்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல் காய்ந்த பழுப்பு நிறம். தீய்ந்த வாடை. நடுவில் நிதாயின் சோதனைத் துண்டு மட்டும் பச்சையாக நின்றது. கதிர் தலை சாய்ந்து, காற்றுக்கு அசைந்துகொண்டிருந்தது.

எந்த ஆராய்ச்சிக்காரருக்கும் கிடைக்காத காட்சி அது. எங்கள் வேலை சரி என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். நாங்கள் மூன்று பேரும் அதை நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றோம். ஊர்க்காரர்கள் சிலர் வரப்பில் உட்கார்ந்து அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டு எழுந்து வழிவிட்டார்கள்.

நிதாய் வயலுக்குள்தான் இருந்தார். சுற்றிலும் தின்ன ஒன்றும் இல்லாததால் புள்ளிமான்கள் இந்த ஒரு துண்டைத் தேடி வரத் தொடங்கியிருந்தன. மூங்கிலை நட்டு, பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டி, தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு காவல் இருந்தார். தன் வயலில் காக்க எதுவும் மிஞ்சாத மனிதர் எங்கள் நெல்லைக் காத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி அவரிடம் போனார். நிதாய் வணக்கம் சொன்னார். பிறகு அமைதியாகக் கேட்டார்.

"பரீட்சை முடிஞ்சுதா, சாப்?"

டாக்டரின் கை நிதாயின் தோள் வரை போய், தொடாமல் திரும்பியது.

முடிந்தது என்றார் பிறகு. இந்த விதை முழுக்க உங்கள் ஊருக்குத்தான், யாரிடமும் கேட்கப் போவதில்லை, என் பொறுப்பு என்றார். அப்படியே செய்தார். அறுத்த நெல்லில் எங்களுக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மீதியைக் கழியோரத்துக் குடும்பங்களுக்குப் பங்கு வைத்தோம். மெயின்லேண்டிலிருந்து அனுமதி வாங்கவில்லை. பின்னால் அதற்காக டாக்டர் விளக்கம் எழுத வேண்டிவந்தது. எழுதினார்.

நிதாயின் பங்கைக் காதர் அண்ணன் தானே சுமந்துகொண்டு அவர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். வீட்டில் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். தகப்பனார் ஒரு மாதத்துக்கு முன்பே இறந்துபோய்விட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது. அரசாங்கம் கொடுத்த நிவாரண அரிசியை வைத்து அடுத்த அறுப்பு வரை குடும்பம் தாங்காது. தெற்கே காட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், போகிறேன் என்றார் நிதாய். நிலத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்.

காதர் அண்ணன் விதையை இறக்கி வைத்து, இதைப் போட்டுப் பாருங்கள், ஒரே ஒரு வருடம் என்று கெஞ்சினார். நிதாய் மூட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"காதர் பாய், அங்கேயிருந்து என்னை விரட்டினாங்க, வந்தேன். இந்த மண்ணை நானே விட்டுட்டுப் போறேன். இதையும் பக்கத்து வீட்டுக்காரருக்கே கொடுத்துடு. அவருக்குத் தெம்பு இருக்கு."

சந்தியா உள்ளேயிருந்து வந்து எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். சின்னப் பெண் தகர டப்பாவைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது.

அந்த டிசம்பரிலும் கொட்டகையில் கூடினோம். கூடாமல் இருந்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். வருடா வருடம் மாறும் முறைப்படி, அந்த ஆண்டு டாக்டரைப் பற்றிப் பேச வேண்டியவர் காதர் அண்ணன். குரியன் என்னைப் பற்றியும் நான் குரியனைப் பற்றியும் சொல்லி முடித்தோம். என்ன சொன்னோம் என்று நினைவில்லை. காதர் அண்ணன் எழுந்தார். டாக்டரை நேராகப் பார்த்தார்.

"டாக்டர் சாப் இந்த வருஷம் தன்னோட வேலையை ஒழுங்கா செஞ்சார். அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். அதைவிடக் கடுமையாக ஒருவரைப் பேச முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

டாக்டர் வழக்கம்போல் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அன்று அவர் காதர் அண்ணனைப் பற்றிப் பேச வேண்டும். பேசவில்லை. இந்தக் குழுவில் ஐந்தாவதாக ஒருத்தர் இருந்தார், அவரைப் பற்றிச் சொல்கிறேன் என்று தொடங்கினார். நிதாய் எந்தத் துண்டைக் கொடுத்தார், எப்படி வலை கட்டினார், அவர் மனைவி முறத்தில் என்ன கொண்டுவந்தாள், எல்லாவற்றையும் சொன்னார். முறத்தைப் பற்றி அவரிடம் நான்தான் எப்போதோ சொல்லியிருந்தேன். அவர் மறக்கவில்லை.

"இப்பவும் அந்த முடிவு தப்புன்னு என்னால சொல்ல முடியல. மறுபடியும் அதே நிலைமை வந்தா என்ன செய்வேன்னும் தெரியல. ஒருத்தர் என் வாசல்ல நின்னதை மறக்க முடியாமதான், இங்க இன்னொருத்தரை நிக்க வெச்சுட்டேன்."

அன்று டீ அப்படியே இருந்தது. குரியன்தான் கோப்பைகளை எடுத்துக் கழுவி வைத்தார்.

அதற்குப் பிறகு எங்கள் குழு பழையபடி ஆகவில்லை. சண்டை எதுவும் இல்லை. எல்லோரும் எல்லோரிடமும் மரியாதையாக இருந்தோம், முன்பைவிட அதிகமாக. காதர் அண்ணன் கேலி செய்வதை விட்டுவிட்டார். டாக்டர் ஒரு முடிவைச் சொல்லும் முன் எல்லோர் முகத்தையும் ஒரு முறை பார்க்க ஆரம்பித்தார். மறு வருடம் ஜித்தியில் குலைநோய் கொஞ்சம் தெரிந்தது. அப்படியானால் அவர் பயந்தது வீண் இல்லை. வயலைத் தின்கிற அளவுக்கு அது போகவும் இல்லை. அந்தச் செய்தியை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டபோது யாருக்கும் ஜெயித்த முகம் இல்லை.

டிசம்பர் கூட்டம் இன்னும் இரண்டு முறை நடந்தது. பிறகு நின்றுபோனது. யாரும் நிறுத்தவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. எழுபதுகளின் நடுவில் லிட்டில் அந்தமானில் எண்ணெய்ப்பனைத் தோட்டம் போட ஆள் வேண்டுமென்றபோது காதர் அண்ணன் மாற்றல் கேட்டார். டாக்டர் மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். வழியனுப்ப ஜெட்டிக்கு வந்தார். இருவரும் கடல் எப்படி இருக்கிறது, கப்பல் எத்தனை மணிக்குப் புறப்படும் என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். சேர்ந்து வேலை பார்த்த அத்தனை வருடத்தில் அவர்களுக்குப் பேச விஷயம் இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான். அதன் பிறகு அவர்கள் சந்திக்கவில்லை. டாக்டர் ஓய்வு பெற்றுத் தஞ்சாவூர் போய்ச் சில வருடங்களில் காலமானார்.

ஜித்தி மட்டும் நன்றாகப் பரவியது. கழியோரத்தில் அதைத் தவிர வேறு நெல் இல்லை என்றானது. அலுவலகத்தில் அதற்கு ஓர் எண்ணே நிலைத்தது. ஜித்தி என்ற பெயர் எங்கள் நாலு பேரோடு நின்றது. திக்லிபூர் வங்காளிகள் அதை நிதாய் தான் என்று கூப்பிட்டார்கள். தான் என்றால் அவர்கள் மொழியில் நெல்.

காதர் அண்ணன் போய் இரண்டு மூன்று வருடம் கழித்து, எண்ணெய்ப்பனைத் தோட்டத்து மண்ணைப் பார்க்க நான் லிட்டில் அந்தமானிலுள்ள ஹட் பே போனேன். ஜெட்டியில் அவரே வந்து நின்றார். நரைத்திருந்தது. வேலை முடிந்த மாலையில், ஒருத்தரைப் பார்க்கலாம் வா தங்கச்சி என்று தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள் பக்கம் அழைத்துப் போனார். போகும்போதே, நெல்லைப் பற்றி நான் அவரிடம் பேசுவதில்லை, நீயும் பேசாதே என்றார்.

நிதாய்தான். காட்டு வேலை முடிந்து அலைந்துகொண்டிருந்தவரைக் காதர் அண்ணன் தேடிப் பிடித்துத் தோட்டத்தில் சேர்த்துவிட்டிருந்தார். மாற்றல் கேட்டது எதற்காக என்று எனக்கு அப்போது விளங்கியது. நிதாய் மெலிந்திருந்தார். சந்தியா டீ கொடுத்தாள். மூத்த பெண்ணுக்குக் கல்யாணமாகிவிட்டதாம். பேசிக்கொண்டே இருந்தோம், பனங்கன்றைப் பற்றி, மழையைப் பற்றி.

நிதாயே ஆரம்பித்தார். அந்த நெல்லுக்கு ஊரில் தன் பெயரை வைத்திருப்பதாகக் கப்பலில் வந்த ஒருவர் சொன்னார், உண்மையா என்று கேட்டார். உண்மைதான் என்றேன். தலையாட்டினார். சற்று நேரம் கழித்து, கூச்சப்படுவதுபோல் சிரித்துக்கொண்டு கேட்டார்.

"தீதி, அந்த அரிசி சாப்பிட எப்படி இருக்கும்?"

அவர் நிலத்தில் மூன்று வருடம் விளைந்த நெல். ஒரு மணிகூட அவர் வீட்டு அடுப்புக்குப் போகவில்லை. என்ன பதில் சொல்வதென்று யோசித்தபோதுதான் இன்னொன்றும் உறைத்தது. போர்ட் பிளேரில் நாங்கள் தின்பது ரேஷன் அரிசி. திக்லிபூர் நெல் திக்லிபூரிலேயே தீர்ந்துவிடும்.

"தெரியாது, நிதாய் தா. நானும் சாப்பிட்டதில்ல."

அவர் சிரித்தார். சந்தியாவும் சிரித்தாள். நிதாய் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அப்போ நாம் இரண்டு பேரும் ஒன்றுதான் தீதி என்றார்.

காதர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மாற்றலாகும் வரை திக்லிபூரில் எத்தனையோ வீடுகளில் அந்த அரிசிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் அவர். குனிந்து டீக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நிதாய் இப்போது அவர் பக்கம் திரும்பிக் காத்திருந்தார்.

"நல்ல அரிசி, நிதாய் தா," என்றார் காதர் அண்ணன். "ரொம்ப நல்ல அரிசி."